பொறியும் பொறுப்பும்

தமிழில் ‘பொறி’ என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். தீயினின்று தெறிப்பது பொறி. மனிதன் அமைத்த இயந்திரமும் பொறி. கண், காது முதலாகிய புலன்களின் வாயில்களும் பொறிகளே. எலியை அகப்படுத்தும் கூண்டுக்கும் அதுவே பெயர். பழைய ஸ்கூட்டர் ஒன்றின் அருகே குந்தியமர்ந்து, அது ஏன் கிளம்ப மறுக்கிறது என்று ஆராய்கின்றவனிடத்தில் இந்நான்கு பொருள்களும் ஒருங்கே வந்து கூடுகின்றன. அவன் முன் நிற்பது ஒரு பொறி. அதனுள் காணாமற்போனது ஒரு பொறி. தேடுவதற்கு அவனுக்குள்ள துணை அவனுடைய ஐம்பொறி. அவசரப்பட்டானாகில் அவன் சென்று விழுவதும் ஒரு பொறி.

இக்கட்டுரை இயந்திரம் பழுதுபார்க்கும் கையேடு அன்று. ஆயினும் அந்தச் சிறு இயந்திரத்தை விட்டு நெடுந்தொலைவு செல்லாமலே அறவியலின் பழைய வினா ஒன்றை ஆராயலாம் என்பது என் எண்ணம். பழுது நீங்கினால் போதுமா, அன்றிப் பழுதின் காரணமும் தெரிந்தாக வேண்டுமா? காரணம் தெளியுமுன் ஒன்றின்மீதோ ஒருவர்மீதோ குற்றம் சுமத்தும் உரிமை நமக்கு உண்டா? இவையே வினா.

பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டுப் பிற மாநிலங்களுக்கு வந்த குடும்பங்களுக்கு இருசக்கர வண்டி வெறும் ஊர்தியாக இருந்ததில்லை. பணம் கட்டிப் பதிவு செய்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற செல்வம் அது. முன்னால் ஒரு குழந்தை நிற்க, பின்னால் மனைவி மடியில் மற்றொரு குழந்தையோடு அமர, தில்லியின் பனியிலும் பம்பாயின் மழையிலும் அது குடும்பத்தைச் சுமந்தது. 1972 முதல் உற்பத்தியான பஜாஜ் சேத்தக், இத்தாலியில் பிறந்து இந்தியாவிலும் உருவான லாம்பிரெட்டா, மைசூரில் 1961-இல் தொடங்கி 1996-இல் மூடப்பட்ட தொழிற்சாலையின் ஜாவா, யெஸ்டி ஆகியவை நம்மில் பலர் வீட்டு வாயில்களில் நின்றவை. இன்றும் அவற்றைத் துடைத்து வைத்துப் போற்றுவோர் உளர். அவர்களைக் கேட்டால் தெரியும், அவ்வண்டிகள் தந்த தொல்லைகளில் பாதிக்கு மேற்பட்டவை ஒரு சிறு தீப்பொறியைப் பற்றியவை என்று.

பொறி பிறக்கும் விதம்

அந்தப் பொறி எவ்வாறு பிறக்கிறது? காந்தத்தை அசைத்தால் அருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறக்கும் என்பதை 1831-இல் பாரடே கண்டறிந்தார். ஸ்கூட்டரின் சுழல்சக்கரத்தில் நிலைக்காந்தங்கள் பதிக்கப்பட்டுள்ளன. அச்சக்கரத்தின் உட்புறத்தில், சுழலாது நிற்கும் தட்டொன்றின்மீது கம்பிச்சுருளும், ‘சி.பி. பாயிண்ட்’ என்று மெக்கானிக்குகள் வழங்கும் இரு சிறு தொடுமுனைகளும், கண்டென்சரும் அமைந்திருக்கும். சக்கரம் சுழலச் சுருளில் மின்னோட்டம் எழுகிறது. அது உச்சம் தொடும் கணத்தில் தொடுமுனைகள் பிரிகின்றன. ஓட்டம் திடீரென அறுபடுகிறது, காந்தப்புலம் சரிகிறது, அச்சரிவிலிருந்து பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் பிறந்து பிளக்கின் முனையில் பொறியாகத் தெறிக்கிறது. சேர்க்கையால் அன்றி முறிவால் பிறக்கும் நெருப்பு இது.

ஓட்டம் அறுபடும்போது தொடுமுனைகளிலேயே பொறி பறந்து வீணாகாமல் காப்பது கண்டென்சரின் வேலை. 1853-இல் பிரெஞ்சு அறிஞர் பிஸோ இவ்வுத்தியைத் தூண்டல் சுருளில் புகுத்தினார். உயர் அழுத்தக் காந்த மின்னாக்கியை 1902-இல் ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்தைச் சேர்ந்த ஹோனோல்ட் உருவாக்கினார். இருவீச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி தேவை. நிமிடத்திற்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50 பொறிகள்! ஒவ்வொன்றும் உந்து தண்டு உச்சி சேர்வதற்குச் சற்று முன்னரே, குறித்த பாகையில் தோன்ற வேண்டும். தொடுமுனைகளின் இடைவெளியோ அரை மில்லிமீட்டரினும் குறைவு. நகக்கண் அளவினும் சிறிய அந்த வெளியில் அழுக்கோ எண்ணெயோ படிந்தால் ஒரு குடும்பத்தின் காலைப் பயணம் நின்றுபோகும்.

ஆராயும் வரிசை

இயந்திரம் கிளம்பவில்லை என்றால் தேர்ந்தவன் முதலில் கேட்கும் கேள்விகள் மூன்று. எரிபொருள் சேர்கிறதா? பொறி உண்டாகிறதா? உருளையில் அழுத்தம் இருக்கிறதா? பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறான். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, குறை வேறிடத்தில் இருக்கலாம். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வழியை முதலில் நோக்க வேண்டும். கரிபடிந்து இரு முனைகளுக்கும் இடையே மெல்லிய கரிப்பாலம் அமைந்திருந்தால் மின்சாரம் பொறியாகாமல் அப்பாலத்தின் வழியே ஓடிவிடும். அடுத்து, பிளக்கை அதன் மூடியில் செருகி, உடற்பகுதி இயந்திரத்தின் இரும்பைத் தொடுமாறு, பெட்ரோல் ஆவி வரும் துளையை விட்டு அகற்றிப் பிடித்துக் கிக்கரை மிதிக்கிறான். நீலநிறத்தில் ‘டப்’ என்று தெறித்தால் ஒரு செய்தி. மஞ்சளாய் மெலிந்து தோன்றினால் வேறொரு செய்தி. ஒன்றுமே இல்லையெனில் மற்றொரு செய்தி.

பொறியே இல்லை என்றால் உடனே காயிலை மாற்றச் சொல்வான் பயிலாதவன். பயின்றவனோ முதலில் காசு செலவில்லாத சோதனையைச் செய்வான். இயந்திரத்தை நிறுத்தும் பொத்தானுக்குச் செல்லும் கம்பியைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்ப்பான். அக்கம்பியின் உறை தேய்ந்து எங்கேனும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், நிறுத்தும் பொத்தானை எப்போதும் அழுத்திக்கொண்டிருப்பதற்கு அது ஒப்பாகும். அதைக் கழற்றியதும் பொறி வந்துவிட்டால் காயில் நிரபராதி. மழைநாளாயின் பிளக் மூடியில் ஈரம் புகுந்திருக்கிறதா என்று துடைத்துப் பார்ப்பான். பின்னரே சக்கரத்தின் சாளரம் வழியே தொடுமுனைகளை நோக்குவான். தூய காகிதமொன்றை இடையே செலுத்தி இழுப்பான். ஃபீலர் கேஜ் தகட்டால் இடைவெளியை அளப்பான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவான். இடைவெளியைக் கூட்டினால் பொறி முன்கூட்டியே தோன்றும், குறைத்தால் தாமதப்படும். ஆகவே ஒன்றைத் திருத்துவது மற்றொன்றையும் அசைப்பதாகும் என்பதை அவன் அறிவான்.

இவ்வரிசை நம் முன்னோர்க்குப் புதிதன்று. வள்ளுவர் ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரத்தில் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கும் இதுவே. நோய் இன்னதென அறிவது, பின் அதன் தோற்றுவாயை அறிவது, பின் தணிக்கும் வழியை அறிவது, அதன்பின்னரே கைவைப்பது. மணிமேகலையின் 27-ஆம் காதையில் அளவைவாதி பத்து வகை அளவைகளைக் கூறியதோடு நில்லாமல், அளவை போலத் தோன்றி ஏமாற்றும் எட்டுப் போலிகளையும் எண்ணிக் காட்டுகிறான். அவற்றுள் ஒன்றன் பெயர் ‘தேராது தெளிதல்’. கட்டுத்தறியை ஆராயாமல் மனிதன் என்றே உறுதி கொள்வது அதற்கு எடுத்துக்காட்டு. ஐயம் என்பதும் அப்பட்டியலில் தனியே இடம்பெறுகிறது. ஆயினும் ஐயுறுகின்றவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். தேராது தெளிந்தவன் தேடலையே நிறுத்திவிட்டான். இரண்டாமவன் நிலைதான் இரங்கத்தக்கது.

காக்கையும் பனம்பழமும்

இனி ஒரு கடினமான பழுதைக் காண்போம். வண்டி காலையில் முதல் உதையிலேயே கிளம்புகிறது. ஏறக்குறைய 20 நிமிடம் ஒழுங்காக ஓடுகிறது. பின் திணறி நின்றுவிடுகிறது. எத்தனை மிதித்தாலும் அசைவதில்லை. கால் மணி நேரம் கழித்து மிதித்தால் ஒன்றுமே நடவாதது போலக் கிளம்புகிறது.

இதற்குக் காரணம் என்ன? காயிலின் உட்காப்பு சூடேறியதும் தளர்ந்து மின்சாரத்தைக் கசியவிடலாம். கண்டென்சரும் அவ்வாறே சூட்டில் கெடலாம். ஆறியதும் இரண்டும் பழையபடி நல்லவையாகிவிடும். ஆனால் இதே அடையாளத்தோடு வேறொரு பழுதும் உண்டு. பெட்ரோல் தொட்டியின் மூடியில் காற்றுப் புகுவதற்கென ஒரு நுண்துளை உள்ளது. அது அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்கத் தொட்டிக்குள் வெற்றிடம் உருவாகி, இறங்குவதே நின்றுவிடும். சற்று நேரம் விட்டால் காற்று மெல்லக் கசிந்து உட்சென்று வழி திறக்கும். ஒன்று நெருப்பின் குறை. மற்றொன்று காற்றின் குறை. வெளியில் நின்று காண்பவனுக்கு இரண்டும் ஒன்றே.

இப்போது சாலையோரத்தில் நிற்கும் உரிமையாளரை எண்ணிப் பாருங்கள். அவர் பிளக்கைக் கழற்றித் துடைக்கிறார். புதிய பிளக்கை மாட்டுகிறார். அதற்குள் கால் மணி நேரம் கழிந்துவிடுகிறது. மிதிக்கிறார், கிளம்புகிறது. ‘பிளக்தான் கோளாறு’ என்று அவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. அடுத்த வாரம் மீண்டும் நிற்கிறது. ‘இந்தக் காலத்துப் பிளக்குகளே இப்படித்தான்’ என்கிறார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் பாட்டிமார் எள்ளி நகைத்த அதே தருக்கம் இது. வண்டியைக் கிளப்பியது புதிய பிளக் அன்று. அவர் அறியாமலே கொடுத்த ஓய்வு. வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, நிமிர்த்தி, பின்னர் உதைக்கும் வழக்கத்தை நாடு முழுவதும் கண்டிருக்கிறோம். கார்புரேட்டரின் பக்கம் குறையிருந்தால் அச்சாய்வு சில வேளை உதவக்கூடும். பொறியே பிறவாத வண்டியை எத்தனை முறை வணங்கவைத்தாலும் பயனில்லை. ஆனால் பயன் தந்த ஒரு நாளை நினைவு போற்றிக் காக்கிறது. பயன் தராத பத்து நாட்களை மறந்துவிடுகிறது. சடங்குகள் பல இவ்வாறு பிறந்தனவோ என்றுகூட எண்ணத் தோன்றுகிறது.

இப்பழுதைத் தெளியும் வழி ஒன்றே உண்டு. நின்ற அக்கணத்திலேயே, ஆறுவதற்கு முன், சூட்டோடு சூடாகப் பொறி உண்டா என்று சோதிக்க வேண்டும். பொறி நன்றாக இருந்தால் தொட்டியின் மூடியைத் திறந்து, பெட்ரோல் பாய நொடிகள் சில விட்டுப் பார்க்க வேண்டும். ஆறிய பின் பட்டறைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக்கின் முன் வண்டி உத்தமனாக நிற்கும்.

‘வண்டி ஓடினால் போதாதா? அலுவலகத்திற்கு நேரமாகிறது, காரணத்தை ஆராய எனக்கு எங்கே நேரம்?’ என்று ஒருவர் கேட்கலாம். இக்கேள்வியை இகழ்தல் கூடாது. காய்ச்சலில் துடிக்கும் குழந்தைக்கு முதலில் காய்ச்சலைத் தணிக்கிறோம். காரணத்தைப் பின்னரே தேடுகிறோம். வாழ்க்கை நம்மைத் தத்துவ வகுப்பில் அமர்த்தி வைக்கவில்லை. செயலுக்குரிய நேரத்தில் அரைகுறை அறிவோடு செயல்பட வேண்டியவராகவே நாம் பெரும்பாலும் இருக்கிறோம்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ‘காரணம் தெரியவில்லை, இப்போதைக்கு ஓடுகிறது’ என்று சொல்பவரும், ‘பிளக்தான் காரணம்’ என்று சொல்பவரும் செய்தது ஒரே செயல்தான். முன்னவர் உண்மையைக் காத்தார். பின்னவர் ஒரு பொய்யை அறிவு என்று பெயரிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். அவசரம் நம்மை அறியாமையோடு செயல்பட வைக்கலாம். அறியாமையை அறிவென்று அறிவிக்கும்படி எந்த அவசரமும் நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை. நம் முதற்பொறுப்பு இங்கே தொடங்குகிறது.

காரணத்தின் காரணம்

தேடத் தொடங்கியவனுக்கும் ஓர் இடர் உண்டு. தேடல் எங்கே முடிகிறது? தொடுமுனைகளில் எண்ணெய் படிந்திருந்தது, உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தான், வண்டி ஓடியது. பத்து நாளில் மீண்டும் எண்ணெய். துடைப்பது மருந்து அன்று என்று அப்போது தெரிகிறது. சுழல்தண்டின் ஓரத்திலுள்ள ரப்பர் ஆயில் சீல் கிழிந்து எண்ணெய் கசிகிறது, அதுவே நோய்முதல். ஆனால் சீல் ஏன் கிழிந்தது? ரப்பர் முதுமையால் இறுகியது. ஏன் இறுகியது? வண்டி ஆண்டுக்கணக்கில் ஓடாமல் கிடந்தது. ஏன் கிடந்தது? உரிமையாளர் மாற்றலாகி வேறூர் சென்றார். இப்படியே போனால் பழுதுக்குக் காரணம் மைய அரசின் இடமாற்ற ஆணை என்றுகூட முடிக்கலாம்! காரணச் சங்கிலிக்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை.

எனவே எங்கே நிற்பது என்பது இயற்பியல் தரும் விடை அன்று; நாம் நம் பொறுப்பை உணர்ந்து எடுக்கும் முடிவு. நம் கை எட்டக்கூடியதும், அங்கே திருத்தினால் பழுது மீளாமல் இருப்பதுமான கண்ணி எதுவோ, அதுவே நாம் நிற்கவேண்டிய இடம். அதற்கு முன்னே நின்றால் நாம் துடைத்துக்கொண்டே இருப்போம். அதற்கு அப்பால் சென்றால் காலத்தையும் அரசையும் நொந்துகொண்டு கைகட்டி அமர்வோம். முன்னது சோம்பல், பின்னதோ சோம்பலுக்கு ஞானத்தின் ஆடை.

இன்னொரு தவறான நிறுத்தமும் உண்டு. கண்ணுக்குத் தெரிவதும், கழற்ற எளிதானதும், விலை மலிந்ததுமான உறுப்பு எதுவோ அதன்மீது குற்றத்தை வைத்து நின்றுவிடுவது. ஸ்கூட்டரில் அது பிளக். வீட்டில் அது வேலைக்காரப் பெண். அலுவலகத்தில் அது கடைநிலை எழுத்தர். பொருள் ஒன்று காணவில்லை என்றதும் முதலில் யார் முகத்தை நோக்குகிறோம்? நோக்குவதற்கு எளிதான முகத்தை அன்றோ? மலிவாக மாற்றத்தக்கது என்பது குற்றம் செய்தது என்பதற்குச் சான்றாகாது.

அறிந்தவனும் அறியாதவனும்

பட்டறையில் இருவர் நிற்கிறார்கள். ஒருவன் அறிந்தவன், மற்றவன் அறியாதவன். அறியாதவனுக்குச் சக்கரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. மொழியும் முழுமையாகத் தெரியாத ஊராயின் அவன் நிலை இன்னும் நலிந்தது. ‘காயில் போய்விட்டது’ என்று சொன்னால் நம்புவதன்றி அவனுக்கு வேறு வழியில்லை. அறிந்தவனுடைய அறம் இங்கே சோதிக்கப்படுகிறது. கம்பியின் உறையைச் சுற்றி ஒட்டினால் தீரும் பழுதுக்குப் புதுக் காயிலின் விலையைப் பெறுவது திருட்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனினும் நுட்பமான ஒன்று உண்டு. தனக்கே தெரியாதபோது தெரிந்ததுபோல் ஓர் உறுப்பை மாற்றிப் பார்ப்பதும், அது பயன்படாவிடில் அடுத்ததை மாற்றுவதும், அனைத்துக்கும் விலை கேட்பதும் திருட்டு இல்லையெனினும் நேர்மையும் அன்று. மற்றவன் பணத்தில் தன் அறியாமையைக் கழுவுவது அது. இவற்றுக்குச் சட்டமும் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் வந்தது; அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து 2020 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் இருபது ரூபாய்க் கம்பிக்காக வழக்குமன்றம் செல்பவர் யார்? சட்டம் எட்டாத அச்சிறு இடத்தில் தொழிலாளியின் மனச்சான்றே காவல்.

நல்ல மெக்கானிக்குகளை நாம் அனைவரும் அறிவோம். கழற்றிய பழைய உறுப்பைத் துணியில் துடைத்து நம் கையில் தருவார்கள். ‘இதில்தான் சந்தேகம்; நாளை வரை ஓட்டிப் பாருங்கள், நிற்கவில்லை என்றால் இதுதான்’ என்பார்கள். அந்த ‘என்றால்’ என்னும் சொல்லில் ஒரு பெரிய ஒழுக்கம் அடங்கியிருக்கிறது.

பொறுப்பு ஒரு பக்கத்தது மட்டும் அன்று. மருத்துவத்திற்கு அங்கமாக நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என்னும் நால்வகையையும் வள்ளுவர் எண்ணினார். நோயாளியை முதலில் வைத்தது கருதத்தக்கது. வண்டியின் உரிமையாளரும் உண்மை சொல்லக் கடமைப்பட்டவர். நேற்றுத் தாமே ஸ்குரூ டிரைவர் எடுத்துத் தட்டைத் திருகியதை மறைத்துவிட்டு, ‘தானாகவே நின்றுவிட்டது’ என்று சொல்பவர், தேடுகின்றவன் கையிலிருந்து விளக்கைப் பறிப்பவர் ஆவார். ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே துன்பம் தரும் என்பது ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தின் முடிவு. பட்டறைக்கும் அது பொருந்தும்.

வெளியில் ஒளிரும் பொறி

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. கழற்றிய பிளக் வெளியே காற்றில் நன்றாகவே பொறி விடும். அதையே உருளைக்குள் மாட்டினால் விடாது. காரணம், அழுத்தம் மிகுந்த வளியினூடே பாய்வதற்குப் பொறிக்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். வெளியில் சிறிது வலுவே போதும், உள்ளே போதாது. அதனால் தேர்ந்தவன் வெளிச்சோதனையோடு நிற்பதில்லை. கம்பியின் முனைக்கும் இரும்புக்கும் இடையே ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, அவ்வளவு தொலைவும் பொறி தாவுகிறதா என்று பார்க்கிறான். உள்ளிருக்கும் நெருக்கடிக்கு ஒப்பான ஒரு நெருக்கடியை வெளியிலே உண்டாக்கிப் பார்க்கும் முறை அது.

இதை மனிதரிடம் பொருத்திப் பாருங்கள். நம் குடும்பங்களில் பலமுறை நிகழ்வது இது. ஊரிலிருந்து வந்த ஏழு வயதுச் சிறுவன்; வீட்டில் கதை சொல்வான், கணக்குப் போடுவான், தாத்தாவோடு வாதிடுவான். புதிய பள்ளியில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கிறான். ‘மந்தம்’ என்று குறிப்பு வருகிறது. பெற்றோர் டியூஷன் வைக்கிறார்கள், டியூஷனை மாற்றுகிறார்கள், டானிக் வாங்குகிறார்கள், நேர்ந்துகொள்கிறார்கள். உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகிறார்கள். வெளியில் நீலமாய்த் தெறிக்கும் பொறி உள்ளே ஏன் அவிகிறது என்று எவரும் கேட்பதில்லை. அவனைச் சூழ்ந்த காற்று அங்கே அடர்ந்திருக்கிறது. புரியாத மொழியின் அடர்த்தி அது. ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்த முதிய தந்தையின் சிடுசிடுப்புக்கும் வயதைக் காரணம் காட்டுகிறோம். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை அந்த நாலாம் மாடியில் அவரோடு பேச எவரும் இல்லை என்பது கண்டென்சரைப் போலச் சக்கரத்தின் உள்ளே மறைந்திருக்கும் காரணம். ஞாயிறன்று அனைவரும் கூடியிருக்கையில் அவர் சிரிக்கிறார்; ‘நன்றாகத்தானே இருக்கிறார்’ என்கிறோம். ஆறிய வண்டியைச் சோதிக்கிறோம்!

இங்கே உவமையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இல்லையெனில் அது நம்மை ஏமாற்றும். மனிதன் இயந்திரம் அல்லன். பிளக்கை நூறு முறை ‘கெட்டுப்போனது’ என்று பழித்தாலும் அது கெடாது, அதற்குக் காதில்லை. குழந்தைக்குக் காதுண்டு. ‘மந்தம்’ என்று திரும்பத் திரும்பக் கேட்ட குழந்தை மந்தமாகிவிடக்கூடும். ‘வீட்டுக்குப் பாரம்’ என்ற தொனியை உணர்ந்த முதியவர் உண்மையிலேயே பாரமாகிவிடுகிறார். இயந்திரத்தில் தவறான தீர்ப்பு ஒரு நல்ல உறுப்பைக் குப்பையில் சேர்ப்பதோடு முடிகிறது. மனிதரிடத்திலோ தவறான தீர்ப்பு தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்கிறது. ‘அன்றே சொன்னேனே’ என்று நாம் பெருமையும் கொள்கிறோம். ஆதலின் இயந்திரத்தினிடம் காட்டும் பொறுமையினும் பன்மடங்கு பொறுமையை மனிதரிடம் காட்டினாலன்றி நாம் நீதியுடையோர் ஆகமாட்டோம். நடைமுறையிலோ தலைகீழாக இருக்கிறது. கார்புரேட்டரை ஒரு ஞாயிறு முழுவதும் கழற்றி ஆராயும் தந்தை, மகனின் மதிப்பெண் அட்டையை அரை நிமிடத்தில் தீர்த்துவிடுகிறார்.

காலம் மாறிவிட்டது. தொடுமுனைகள் போய் மின்னணுப் பொறி வந்தது. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் கார்புரேட்டரும் விடைபெற்றது. பழுதென்றால் விளக்கு எரிகிறது. கருவியை இணைத்தால் குறியெண் வருகிறது. சேத்தக் என்னும் பெயரே இன்று பொறியே தேவையில்லாத மின்வண்டிக்கு உரியதாகிவிட்டது. இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. புதியவை குறைவாகவே நிற்கின்றன, குறைவாகவே புகைகின்றன. ஆனால் எந்த உணர்கருவியிடமிருந்து செய்தி வரவில்லை என்பதைக் குறியெண் கூறுமேயன்றி, அதன் கம்பியை எலி கடித்ததா, இணைப்பில் ஈரம் ஏறியதா என்பதைப் பெரும்பாலும் கூறாது. ‘ஏன்’ என்னும் கேள்வியை எந்தக் கருவியும் நம்மிடமிருந்து முழுமையாக வாங்கிக்கொள்வதில்லை.

பழைய ஸ்கூட்டரைப் பேணுவோர் தம் பிள்ளைகளை அருகிலமர்த்தி அதன் பொறியைத் தேடக் கற்றுத்தருவார்களாயின், அவர்கள் கற்பிப்பது வழக்கொழிந்த ஒரு தொழிலை மட்டும் அன்று. முதலில் பார், பிறகு தொடு. ஒன்றை மட்டும் மாற்று. நின்ற கணத்தில் சோதி. மலிவானதைப் பழிக்காதே. தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல். இவ்வைந்தையும் கையில் கறைபடக் கற்ற பிள்ளை, நாளை ஒரு மருத்துவராகவோ, அதிகாரியாகவோ, ஆசிரியராகவோ, வெறும் தாயாகவோ தந்தையாகவோ ஒரு மனிதனின் முன் அமர்ந்து, ‘இவனுக்கு என்ன குறை?’ என்று கேட்க வேண்டிய நாள் வரும். அன்று அப்பிள்ளை விடை சொல்ல விரையாமல் இன்னும் ஒரு கேள்வி கேட்குமானால், எதிரே அமர்ந்திருப்பவர் பிழைத்துக்கொள்வார்.